ஊட்டாண்ட பேசுவதைக் கதையில் எழுதலாமா?

கேட்டவர் குடியாத்தத்தில் பிறந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண். பாட்டி பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்தப் பாட்டியைப் பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார், பாட்டி பேசுவது போலவே 'வந்துகினு', 'கீறான்', 'ஊட்டாண்ட' என்றெல்லாம் வைத்து. படித்துப் பார்த்த நண்பர்கள் இரண்டு பேர், சினிமாவில் அடியாள் பேசுகிற மாதிரி இருக்கிறது, பொதுத் தமிழுக்கு மாற்று, இல்லாவிட்டால் நேராக ஆங்கிலத்திலேயே எழுதிவிடு, உலகமே ஒன்றாகிவிட்ட காலத்தில் நாலு தாலுகாவில் பேசுகிற பேச்சை யார் படிக்கப்போகிறார்கள் என்று சொன்னார்களாம். கூடவே இன்னொன்றும் கேட்கிறார்: என் மகள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள், ஆங்கிலத்தில்தான் யோசிக்கிறாள், நம்முடைய அடையாளம் அவளோடு முடிந்துபோய்விடுமா சார்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. மாற்றாதீர்கள். பாட்டி பேசியது பேசியபடியே இருக்கட்டும். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொன்னதில் இரண்டு வேறு வேறு பயங்கள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பதில் வெறும் ஆறுதலாகப் போய்விடும். நான் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் 31 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், இப்போது இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. பழைய வடாற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலு மாவட்டமாகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் பிரியவில்லை. அதனால் இங்கே நான் வடாற்காடு என்றே சொல்கிறேன்.

முதல் பயம், வெளியிலிருந்து வருவது நம்மை அழித்துவிடும் என்பது. இந்தப் பயம் எனக்கு இல்லை. வேலூரில் இருப்பவனுக்கு அது வரவே வராது. காலை எட்டு மணிக்குப் பாபு ராவ் தெருவிலோ காந்தி ரோட்டிலோ நடந்து பாருங்கள். லாட்ஜ் பலகை வங்காள எழுத்தில், மருந்துக்கடை பலகை வங்காளத்திலும் இந்தியிலும், சாப்பாட்டுக்கடை வாசலில் மீன் குழம்பும் சோறும் என்று வங்காளத்தில் எழுதிய அட்டை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியம் சிஎம்சி மருத்துவமனை ஆகி, இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அறை எடுத்தவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும், அவர்கள் ஊர்ச் சமையலை அவர்களே செய்துகொள்ளலாம். அங்கே இருக்கும் ஆட்டோக்காரர் நாற்பது வயது வங்காளிக்காரரை 'தாதா' என்று கூப்பிடுவார், அவர்கள் மொழியில் அண்ணன். பெண்களை 'திதி' என்பார், அக்கா. பேரம் பேசுகிற அளவுக்கு வங்காளம் வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு ஆட்டோக்காரரிடம் "இன்னாபா, அந்தாண்ட நகுந்து நில்லு, வண்டி வந்துகினு கீது" என்பார். இருபது வருடமாக வங்காளம் பேசுகிறார், அவருடைய 'கினு' ஒரு அணுவும் குறையவில்லை.

இதைவிடப் பழைய உலகமயமாக்கல் நம் வாயிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. தாசில்தார், வசூல், பாக்கி, வாய்தா, ராஜினாமா. இதெல்லாம் பாரசீகமும் அரபியும் நவாப்கள் காலத்து ஆட்சி வழியாக வந்து ஒட்டிக்கொண்டவை. ஆற்காட்டை ஆண்டவர்களின் தர்பார் மொழி பாரசீகம். கோர்ட்டில் வாய்தா வாங்கிக்கொண்டு வருகிற நம் ஊர்க் கிழவனார் யாருக்கும் தான் அரபிச் சொல் பேசுகிறோம் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம், அது அவர் சொல் ஆகிவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் போனால் வீட்டில் தக்கனி உருது, தெருவில் தமிழ், தோல் ஏற்றுமதிக் கடிதத்தில் ஆங்கிலம். ஒரே ஆள், ஒரே நாளில், மூன்றும். 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் கவிக்கோ அப்துல் ரகுமான். உருதுக் கவிஞர்கள் இருந்த குடும்பத்தில் மதுரையில் பிறந்தவர். கஜல் எப்படி மூச்சுவிடும் என்று அவருக்குத் தெரியும், அந்த மூச்சைத் தமிழ்ப் புதுக்கவிதைக்குள் கொண்டுவந்தார், 1999-இல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அவர் கவிதையைப் படித்துவிட்டு இதில் உருது கலந்திருக்கிறது, தமிழ் கெட்டுவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. தமிழ் அவர் கையில் இன்னும் ஒரு வாசல் திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஆகவே ஆங்கிலம் வந்ததால், பெங்களூரில் வேலை கிடைத்ததால், மகள் கான்வென்டில் படிப்பதால் நாம் கரைந்துவிடுவோம் என்பதை நான் நம்பவில்லை.

இரண்டாவது பயம் வேறு. அதற்குப் பெயர் வெட்கம். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானே அதைச் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனவன்.

ஆறாம் வகுப்பில் ஆசிரியர் பழங்களின் பெயர் கேட்டார். நான் எழுந்து "வாயப்பயம்" என்றேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது, சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பெஞ்சுமேல் நிற்கவைத்து ஐம்பது தடவை வாழைப்பழம் சொல்லச் சொன்னார். ழகரம் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை, அந்த ஒலி எனக்கு வேண்டும், அதனால்தான் பின்னால் தமிழ் படிக்கவே முடிந்தது. ஆனால் அவர் அன்றைக்கு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தார்: நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு அசிங்கம். அன்று சாயந்திரம் அம்மா "மய வர்ற மாதிரி கீது, துணிய எடு" என்றபோது, மய இல்லம்மா, மழை, என்று நான் திருத்தினேன். திரும்பத் திரும்பத் திருத்தினேன், அந்த வாரம் முழுக்க. அதற்கு அப்புறம் பள்ளி நண்பர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார். அவ்வளவு பேசுகிற மனுஷி. எனக்கு அது உறைத்தபோது அவர் இல்லை.

இதைத்தான் ஒரு பேச்சு அழிவது என்று நான் சொல்வேன். வெளிமொழி ஒன்று வந்து நாக்கைப் பிடித்து இழுப்பதில்லை. பேசுகிறவரே ஒருநாள் வாயை மூடிக்கொள்கிறார். முதலில் விருந்தாளி முன்னால், அப்புறம் ஆபீசில், அப்புறம் பிள்ளைகளிடம். கடைசியில் அந்தப் பேச்சு கோபத்துக்கும் வசவுக்கும் மட்டும் மிஞ்சுகிறது. சினிமா அங்கேதான் அதைக் கண்டெடுத்தது, சிரிப்பு நடிகருக்கும் அடியாளுக்கும் கொடுத்தது. சென்னைப் பேச்சு என்று சினிமா காட்டியதும் நம் வடாற்காட்டுப் பேச்சும் ஒரே குடும்பம்தான், பஞ்சத்துக்கும் கூலிக்கும் இங்கிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் பட்டணம் போனவர்கள் எடுத்துக்கொண்டு போனது. உங்கள் நண்பர்களுக்கு உங்கள் பாட்டியின் பேச்சில் அடியாள் குரல் கேட்டது அவர்கள் தப்பு இல்லை. அவர்கள் அந்தப் பேச்சை வேறு எங்கேயும் கேட்டதே இல்லை. ஒரு பாட்டி அதில் பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதையோ, பீடிக்கட்டுக்குக் கணக்குப் பார்ப்பதையோ, செத்துப்போன புருஷனை நினைத்துக்கொள்வதையோ யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. அதைக் காட்டும் வேலை உங்கள் கதையுடையது.

அந்தப் பேச்சில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வந்துகினு என்பதில் உள்ள கினு, கொண்டு என்பதன் தேய்வு. தெற்கே வந்துக்கிட்டு என்பார்கள், இங்கே வந்துகினு, இரண்டுமே பேச்சில் உருண்டு உருண்டு வந்தவை, ஒன்று உயர்வு இன்னொன்று தாழ்வு என்பதற்கு இலக்கணத்தில் ஒரு காரணமும் கிடையாது. ஊட்டாண்ட என்பது வீட்டு அண்டை. மற்ற இடங்களில் அண்டை வீட்டார், அண்டை மாநிலம் என்று எழுத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிற சொல் நம் ஊரில் வேற்றுமை உருபு மாதிரி தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது, கெணத்தாண்ட, கோயிலாண்ட, அவராண்ட என்று. அப்பால என்கிறோமே, அது இலக்கியத்தில் வரும் அப்பால்தான். 'வரங்காட்டியும்' என்று ஒன்று உண்டு, "நான் வரங்காட்டியும் இங்கியே இரு" என்று. வருவதற்குள், வரும் வரைக்கும், இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'தாவல'. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் "இப்ப தாவல" என்பார்கள். தாழ்வில்லை என்பதிலிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது. பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் அது கொஞ்சம் அக்கறையில்லாத சொல். தாவல என்றால் முழுசாகச் சரியாகவில்லை, நேற்றைக்கு இன்றைக்கு மேல், நீ கவலைப்படாதே, எல்லாம் சேர்ந்து வருகிறது. இந்தச் சொல்லைப் பொதுத் தமிழுக்கு மாற்றினால் உங்கள் பாட்டி கொஞ்சம் குறைந்துபோவார்.

கரிசல் காட்டுக்கு கி. ராஜநாராயணன் சொல்லகராதி செய்தார், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் 2007-இல் செய்தார். இரண்டு பேருமே கதை எழுதுகிறவர்கள் என்பதைக் கவனியுங்கள். சொற்களைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே அந்தச் சொற்களில் கதை எழுதிப் பார்த்ததால்தான்.

பொதுத் தமிழுக்கு எதிராக நான் பேசுவதாக நினைத்துவிடக் கூடாது. வடாற்காடு தந்த மு.வ.வை எடுத்துக்கொள்ளுங்கள். 1912-இல் பிறந்தவர், வாலாஜாவுக்குப் பக்கத்து வேலம் அவர் குடும்பத்து ஊர், திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அகல் விளக்கு நாவல் வாலாஜாவில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் மனிதர்கள் பேசுவது தெளிவான, கலப்பில்லாத எழுத்துத் தமிழ், தெருவில் கேட்கும் கினு அதில் கேட்காது. அந்தத் தலைமுறைக்கு அது சுயமரியாதை. வடமொழி நிறைந்த நடைதான் உயர்ந்த நடை என்று இருந்த காலத்தில், எந்த ஊர் எந்த சாதிப் பிள்ளையும் எடுத்துப் படிக்கக்கூடிய ஒரு பொதுத் தமிழை அவர்கள் கட்டினார்கள். அது இல்லாவிட்டால் நானும் நீங்களும் இப்போது இப்படி எழுதிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் கட்டிய வீட்டில் இருந்துகொண்டுதான் நாம் அம்மாவின் பேச்சையும் உள்ளே அழைத்து உட்காரவைக்க வேண்டும் என்கிறேன். பின்னால் பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் போன்றவர்கள் எழுத வந்தபோது, தோல் பதனிடும் இடத்து வாழ்க்கையும் சேரியின் பேச்சும் இலக்கியத்துக்குள் வந்தன. வழி ஏற்கெனவே போட்டாயிற்று, நீங்கள் முதல் ஆள் இல்லை.

உண்மையில் நம் மண்ணில் இந்தச் சிக்கலுக்கு விடை ரொம்ப நாளாகவே இருக்கிறது. நீங்கள் சின்ன வயதில் கூத்து பார்த்திருப்பீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லுவார், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு அன்றைக்கு வேஷக்காரர் உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார், மேலே இருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்குக் குழந்தை இல்லாத பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். கடைசி நாள் களத்தில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான், பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிவாள், சாயந்திரம் தீமிதி. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது ஒரு சின்ன விஷயம், ராத்திரி பத்து மணிக்கு மேல் நடப்பது.

மத்தளம் அடித்து, முகவீணை இழுத்து, இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னால் ராஜா. கிரீடம் மட்டும் மேலே தெரியும், கீழே சலங்கைக் கால். திரை விலகினதும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கண்ணாடிச் சில்லில் மினுக்க ராஜா ஒரு சுற்று சுற்றுவார். உடனே கட்டியக்காரன் வந்து நிற்பான். "இன்னா சாமி, யாரு நீங்க? எந்தூரு? இந்நேரத்துல எங்க வந்துகினு கீறீங்க?" அதற்கு ராஜா விருத்தத்தில் பதில் சொல்லுவார், குலம், நாடு, பட்டம், வில் வித்தை, எல்லாம் இசையோடு. கட்டியக்காரன் அதை அப்படியே நம் பேச்சில் திருப்பிச் சொல்லுவான், ஓகோ, அந்த ஊட்டுப் பிள்ளையா நீங்க, என்று. கூட்டத்தில் இருக்கும் கிழவிக்கு இரண்டும் புரியும். ஒரே ராத்திரியில் செய்யுள், கீர்த்தனை, வசனம், தெருப்பேச்சு, போன வாரத்து ரேஷன் கடைச் சண்டை எல்லாம் வருகிறது, ஒன்று இன்னொன்றைப் பார்த்துக் கூச்சப்படுவதில்லை. யார் நீ என்ற கேள்வியைக் கேட்பது கட்டியக்காரனின் கினு. அந்தக் கேள்வி இல்லாமல் எந்த ராஜாவும் தன் பெருமையைச் சொல்ல ஆரம்பிக்க முடியாது. கர்ணமோட்சத்தில் மனைவி பொன்னுருவி கர்ணனின் பிறப்பைச் சொல்லி அவனை ஒதுக்குகிற இடம் வரும்போது, அதுவரைக்கும் சிரிக்கவைத்த அதே பேச்சு ஜனங்களை அழவைப்பதையும் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கல் சூளைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்படி ஒரு ஊர்க்கலை உலகத்துக்கு முன்னால் நிற்குமா என்றால், நின்றிருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் தம்பிரான் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறார்கள். 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை ஆரம்பித்ததற்குப் பின்னால் புரிசைக் கூத்து அவருக்குள் உண்டாக்கிய அதிர்ச்சி இருக்கிறது. அப்புறம் புரிசைக்காரர்கள் கொலம்பியா எழுத்தாளர் மார்க்கேஸின் கதை ஒன்றையே, பெரிய சிறகோடு ஒரு கிழவர் வந்து விழுகிற கதையை, தெருக்கூத்தாக ஆடினார்கள். அடவு, பாட்டு, கட்டியக்காரன் எல்லாம் அப்படியே. உலகம் ஒன்றாவது என்றால் நான் புரிந்துகொள்வது இதைத்தான்: கொலம்பியாக் கிழவர் புரிசைக்கு வருகிறார், வந்தவரைக் கட்டியக்காரன்தான் யார் என்று விசாரிக்கிறான்.

இந்த இடத்தில் மலைபடுகடாம் ஞாபகம் வராமல் இருக்காது. பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி, செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது. அதற்கு இன்னொரு பெயர் கூத்தராற்றுப்படை. நம்முடைய இதே மலைகளுக்கு நடுவில் கூத்தர் கூட்டம் ஒன்று வாத்தியங்களைப் பையில் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறது, அந்தப் பைகள் பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய் மாதிரி இருந்தன என்கிறார் புலவர். வழியில் கேட்கும் மலைச்சத்தங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அவர் உலகத்துக்காக எழுதவில்லை, செங்கம் போகும் வழியை எழுதினார். செங்கம் பக்கத்திலேயே, எடுத்தனூரில், 7-ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மாடுகளைக் காக்கப் போய்ச் செத்த வீரன், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன், அது கள்ளர் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒரு மாட்டுச் சண்டை, ஒரு நாய், நாயின் பெயர். இதைவிட உள்ளூர் விஷயம் உண்டா? அதை வெட்டியவன் பெயரை விட்டிருந்தால், நாய் என்று பொதுவாக மட்டும் வெட்டியிருந்தால், இத்தனை நூற்றாண்டு கழித்து அதன்முன் நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்திருக்காது.

ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தில் பெயர் வாங்கிய எழுத்தாளர். 1977-இல் தன் தாய்மொழி கிக்கூயுவில் கிராமத்து ஜனங்களோடு சேர்ந்து நாடகம் போட்டார், அதற்காக விசாரணை இல்லாமல் சிறையில் அடைத்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியபோது சும்மா இருந்த அரசாங்கம் கிக்கூயு நாடகத்துக்குப் பயந்தது. சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் கிக்கூயு மொழியிலேயே நாவல் எழுதினார். நைஜீரியாவின் அச்செபி வேறு வழியில் போனார். ஆங்கிலத்திலேயே எழுதுவேன், ஆனால் அந்த ஆங்கிலத்தை இக்போ பழமொழியும் இக்போ பேச்சும் தாங்கும்படி வளைப்பேன் என்றார், செய்தும் காட்டினார். இரண்டு பேருமே பெரியவர்கள். யாருடைய வழி உங்களுக்கு என்பதை நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் உங்கள் கதை ஏற்கெனவே தமிழில் வந்துவிட்டதே, பாட்டி அதில் தானாகப் பேசிவிட்டாரே. வந்ததை ஏன் திருப்பி அனுப்ப வேண்டும்?

உலகம் படிக்காது என்கிறவர்களிடம் 2025-இல் நடந்ததைச் சொல்லுங்கள். கர்நாடகத்து பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகள், தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில், சர்வதேச புக்கர் பரிசு வாங்கின. ஹாசனில் இருக்கும் எழுத்தாளர், வீட்டில் தக்கனி உருது, எழுதுவது கன்னடம். நம் வாணியம்பாடி வீடு மாதிரியேதான். மொழிபெயர்த்தவர் அந்தக் கன்னட, உருது, அரபிச் சொற்களை ஆங்கிலப் பக்கத்தில் சாய்வெழுத்தில் போட்டு அந்நியமாகக் காட்டவில்லை, அடிக்குறிப்பு போட்டு விளக்கவும் இல்லை. படிக்கிறவர்கள் புரிந்துகொண்டார்கள். அதற்கு முன்னால் 2023-இல் பெருமாள்முருகனின் பூக்குழி ஆங்கிலத்தில் அதே பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனது, அது கொங்கு மண்ணின் கதை. உலகத்துக்குப் போனவை எல்லாம் முதலில் ஏதோ ஒரு ஊரில் நன்றாக வேர் பிடித்தவை.

சிஎம்சி பக்கத்து டீக்கடையில் ஒருநாள் நடந்தது. பிப்ரவரி 21. வங்கதேசத்திலிருந்து அம்மாவை இருதய வைத்தியத்துக்குக் கூட்டிவந்த ஒருவர், இன்றைக்கு எங்கள் மொழி நாள் என்றார். 1952-இல் டாக்காவில் வங்காள மொழிக்காக மாணவர்கள் சுடப்பட்ட நாள், 1999-இல் யுனெஸ்கோ அதைத்தான் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. நான் இந்தி எதிர்ப்பில் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து பெயர்களைச் சொன்னேன், 1965-ஐச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஆங்கிலம்தான். அதில்தான் அவர் தன் மொழியைப் பற்றியும் நான் என் மொழியைப் பற்றியும் பேசிக்கொண்டோம், டீ ஆறிப்போகும் வரைக்கும். ஆங்கிலம் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நல்லதுதான் செய்தது.

சரி, எழுதும் விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கதைசொல்லி எந்தத் தமிழில் பேசுகிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேரப்பெண் சொல்கிற கதை என்றால் அவருடைய தமிழ் பெங்களூர் போய் வந்த தமிழ், அது பாட்டியின் பேச்சிலிருந்து தள்ளித்தான் இருக்கும், அந்த இடைவெளியே கதைக்கு நல்லது. பாட்டி பேசும்போது ஒவ்வொரு எழுத்தையும் ஒலிப்படி உடைத்து எழுதாதீர்கள், படிக்கிறவர் எழுத்துக்கூட்டிக்கொண்டே கதையை விட்டுவிடுவார். கினு, கீது, ஆண்ட, அப்பால, தாவல இவை போதும், தாளம் வந்துவிடும். அடிக்குறிப்பு வேண்டாம், அடைப்புக்குறிக்குள் அர்த்தம் வேண்டாம். தொழில் சொற்களை மட்டும் ஒன்றைக்கூட விடாதீர்கள். இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பது, தகட்டு அளவை வைத்துக் கத்தரியால் வெட்டுவது, தூளை விரலால் பரப்பிச் சுருட்டுவது, நூல் கட்டுவது, 25 பீடி ஒரு கட்டு, ஆயிரத்துக்குக் கூலி, கம்பெனியில் கொண்டுபோய்ப் போட்டால் சரியில்லை என்று அங்கேயே கழித்துப் போடுவது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 'புகையிலைப் பொருள் தயாரிப்பில் ஈடுபட்டிருந்தார்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். பாட்டி அப்படி எதிலும் ஈடுபடவில்லை, அவர் பீடி சுற்றினார்.

கடைசியாக, மகள். ஆங்கிலத்தில் யோசிக்கட்டும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. அவள் தமிழ் தப்பாகப் பேசும்போது சிரிக்காதீர்கள், என் வகுப்பு சிரித்த மாதிரி நம் வீட்டில் யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அதற்கப்புறம் அவள் வாய் திறக்க மாட்டாள். பாட்டி இன்னும் குடியாத்தத்தில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மகளை இட்டுகினு போங்கள், அந்தக் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்து பார்க்கட்டும். மறுநாள் பாட்டி வீட்டிலேயே இருந்து, இந்தக் கதையைப் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், மகளும் பக்கத்தில் உட்காரட்டும். எந்த இடத்தில் பாட்டி சிரிக்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறார், எங்கே "அப்டி இல்லமே, நான் இன்னா சொன்னேன்னா" என்று குறுக்கே வருகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திருத்தங்களோடு எனக்கு அனுப்புங்கள், படிக்கிறேன்.